பிணைப்பும் குறுக்கேற்றமும்: மரபு விகிதங்கள் மாறும் முறையும் அவற்றைப் படிக்கும் முறையும்

ஆய்வுச் சுருக்கம்

மெண்டலின் இருபண்புக் கலப்பு இரண்டாம் மகவுத் தலைமுறையில் 9:3:3:1 என்ற விகிதத்தையும், சோதனைக் கலப்பில் 1:1:1:1 என்ற விகிதத்தையும் தரும். இரு மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் அருகருகே அமையும்போது இவ்விகிதங்கள் மாறுகின்றன. இம்மாற்றம் மெண்டலின் விதிகளுக்கு ‘விதிவிலக்கு’ என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அக்கூற்று முழுமையானதன்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பிணைப்பால் மாறுவது இரு பண்புகளுக்கு இடையிலான தொடர்பு மட்டுமே. ஒவ்வொரு பண்பின் 3:1 விகிதமும் மாறாமல் நிற்கிறது. மேலும், கிடைக்கும் விகிதம் மறுசேர்க்கை வீதத்தை மட்டும் சார்ந்ததன்று. அல்லீல்கள் அமைந்துள்ள நிலை, கலப்பின் வகை, பெற்றோரின் பால் ஆகியவற்றையும் சார்ந்தது. இனிப்புப் பட்டாணி, மக்காச்சோளம், பழ ஈ ஆகியவற்றின் வெளியிடப்பட்ட தரவுகளை மீளக் கணக்கிட்டு இக்கருத்துகள் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பிணைப்பு, குறுக்கேற்றம், மறுசேர்க்கை வீதம், சேர்நிலை, விலகுநிலை, சோதனைக் கலப்பு, மரபணு வரைபடம்.

1. முன்னுரை

கிரிகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட ஆய்வில், விதையின் வடிவம், விதையிலையின் நிறம் ஆகிய இரு பண்புகளை ஒருங்கே கொண்ட கலப்பில் 556 விதைகளை எண்ணினார். உருண்டை மஞ்சள் 315, உருண்டை பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32 எனக் கிடைத்தன. இவ்வெண்கள் 9:3:3:1 என்பதற்கு மிக நெருக்கமானவை. ஒரு பண்பின் காரணிகள் இனச்செல்களுக்குள் செல்வது மற்றொரு பண்பின் காரணிகளைப் பொருட்படுத்தாது என்பதே இதன் பொருள். இதனைச் சார்பின்றி ஒதுங்கும் விதி என்கிறோம்.

ஆனால் ஓர் உயிரியின் மரபணுக்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. குரோமோசோம் இணைகளோ மிகச் சில. பட்டாணியில் 7 இணைகள், மக்காச்சோளத்தில் 10 இணைகள், பழ ஈயில் 4 இணைகள். எனவே பல மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் இருந்தே தீரவேண்டும்; அவை சேர்ந்தே கடத்தப்படவும் வேண்டும். வால்டர் சட்டன் 1903இலேயே இதனைச் சுட்டிக்காட்டினார். இச்சேர்ந்த கடத்தலே பிணைப்பு. ஒத்த குரோமோசோம்கள் குன்றல் பகுப்பின்போது தம் பகுதிகளைப் பரிமாறிக்கொள்வதே குறுக்கேற்றம். பிணைப்பு பெற்றோர் சேர்க்கைகளைக் காக்கிறது. குறுக்கேற்றம் அவற்றைக் கலைக்கிறது. இவ்விரண்டின் கூட்டு விளைவாகவே நாம் எண்ணும் விகிதம் உருவாகிறது.

வகுப்பறைகளிலும் தேர்வு விடைகளிலும் பிணைப்பு ஒரு வரியில் முடிந்துவிடுகிறது: ‘பிணைப்பு இருந்தால் 9:3:3:1 கிடைக்காது’. இவ்வரியின் மறுதலை பிழையானது. இவ்வரியே சில நேரங்களில் பிழையாகவும் அமையும். ஒரே குரோமோசோமில் உள்ள மரபணுக்களும் 9:3:3:1 தரலாம். 9:3:3:1 கிடைக்காமைக்கு மரபணு இடைச்செயல், கொல்லி அல்லீல்கள் போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆகவே மாறிய விகிதத்தை எவ்வாறு படிப்பது என்பதே ஆய்வாளர் முன் உள்ள வினா.

2. இனிப்புப் பட்டாணி: விதி பொருந்தாத முதற்சான்று

வில்லியம் பேட்சன், எடித் சாண்டர்ஸ், ரெஜினால்டு பன்னெட் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தைரஸ் ஓடொரேட்டஸ் என்னும் இனிப்புப் பட்டாணியில் பூவின் நிறத்தையும் மகரந்தத்தின் வடிவத்தையும் ஆராய்ந்தனர். ஊதா நிறம் சிவப்பின் மீதும், நீண்ட மகரந்தம் உருண்டை மகரந்தத்தின் மீதும் ஓங்கியவை. ஊதா–நீண்ட வகையைச் சிவப்பு–உருண்டை வகையுடன் கலந்து பெற்ற இரண்டாம் மகவுத் தலைமுறையில் 6952 செடிகள் எண்ணப்பட்டன.

அட்டவணை 1: இனிப்புப் பட்டாணியின் இரண்டாம் மகவுத் தலைமுறை

| வகை | கிடைத்தவை | 9:3:3:1 எதிர்பார்ப்பு |
|---|---|---|
| ஊதா, நீண்டது | 4831 | 3910.5 |
| ஊதா, உருண்டை | 390 | 1303.5 |
| சிவப்பு, நீண்டது | 393 | 1303.5 |
| சிவப்பு, உருண்டை | 1338 | 434.5 |

பெற்றோர் வகைகள் இரண்டும் மிகுந்துள்ளன. புதுச்சேர்க்கைகள் இரண்டும் குறைந்துள்ளன. இவ்வெண்களுக்குக் கை-வர்க்கச் சோதனை செய்தால் மதிப்பு ஏறத்தாழ 3371.6 வருகிறது. மூன்று வரையற்ற பாகைகளுக்கு 5 விழுக்காட்டு எல்லை 7.815 மட்டுமே. எனவே 9:3:3:1 என்ற கருதுகோள் இங்கு நிற்காது.

பலர் இந்த இடத்தோடு கணக்கை நிறுத்திவிடுகின்றனர். ஆனால் மூன்று வரையற்ற பாகைகளையும் மூன்று தனி வினாக்களாகப் பிரிக்க இயலும். முதலாவது, பூநிறம் தனியாக 3:1 என்று பிரிகிறதா? ஊதா 5221, சிவப்பு 1731. எதிர்பார்ப்பு 5214, 1738. கை-வர்க்க மதிப்பு 0.04. இரண்டாவது, மகரந்த வடிவம் தனியாக 3:1 என்று பிரிகிறதா? நீண்டது 5224, உருண்டை 1728. கை-வர்க்க மதிப்பு 0.08. மூன்றாவது, இரு பண்புகளும் ஒன்றையொன்று சாராமல் ஒதுங்குகின்றனவா? எஞ்சிய 3371.5 முழுவதும் இந்த வினாவுக்கே உரியது.

விலகல் முழுவதும் ஓரிடத்தில்தான் குவிந்திருக்கிறது. தனித்துப் பிரியும் விதிக்கு எந்த ஊறும் நேரவில்லை. இரு பண்புகளும் அதனை மிகத் துல்லியமாகப் பின்பற்றுகின்றன. மாறியது அவற்றுக்கு இடையிலான சார்பின்மை மட்டுமே. கொல்லி அல்லீலோ, குறைந்த முளைப்புத் திறனோ காரணமாயிருந்தால் தனிப்பண்பின் 3:1 விகிதமே சிதைந்திருக்கும். இவ்வேறுபாட்டைக் காட்டுவதால், கை-வர்க்க மதிப்பைப் பிரித்துக் காண்பது பிணைப்பை அறிவதற்கான முதற்படியாக அமைய வேண்டும்.

3. சரியான எண்களுக்குப் பிழையான விளக்கம்

பேட்சன் குழுவினர் இவ்வெண்களைக் கவனக்குறைவாக விட்டுவிடவில்லை. இனச்செல்கள் நான்கு வகையாக, 7:1:1:7 என்ற விகிதத்தில் உருவானால் தம் தரவுக்குப் பொருந்தும் என்று அவர்கள் கண்டனர். அவ்வாறாயின் இரண்டாம் மகவுத் தலைமுறை 177:15:15:49 என்று அமையும். 6952 செடிகளில் முறையே 4807, 407, 407, 1331 எதிர்பார்க்கப்படும். கிடைத்த 4831, 390, 393, 1338 ஆகியவற்றுடன் இவை நன்கு ஒத்துப்போகின்றன.

கணக்கு சரியாக இருந்தும் காரணம் வேறாகக் கொள்ளப்பட்டது. காரணிகள் பிரிந்த பிறகு சில வகை இனச்செல்கள் மட்டும் மீண்டும் மீண்டும் பெருகுகின்றன என்று பேட்சனும் பன்னெட்டும் 1911 அளவில் விளக்கினர். 3:1, 7:1, 15:1 என்று இரண்டின் அடுக்குகளைச் சார்ந்த விகிதங்களே தோன்றும் என்பது அவ்விளக்கத்தின் எதிர்பார்ப்பு. குரோமோசோம்களே மரபுக் காரணிகளைத் தாங்குகின்றன என்ற கருத்தைப் பேட்சன் அப்போது ஏற்கவில்லை.

இதே 7:1:1:7 என்பதை இன்று வேறு வகையில் படிக்கிறோம். பதினாறு இனச்செல்களில் இரண்டு மறுசேர்க்கை வகை, அதாவது 12.5 விழுக்காடு. தரவிலிருந்து நேரடியாகவும் இதனைப் பெறலாம். இரண்டும் ஒடுங்கிய வகை 6952இல் 1338, அதாவது 0.1925. இவ்வகைச் செடி இரு ஒடுங்கிய இனச்செல்கள் கூடுவதால் மட்டுமே உருவாவதால், அவ்வினச்செல்லின் வீதம் 0.1925இன் வர்க்கமூலமாகிய 0.4387. மற்றொரு பெற்றோர் வகையும் அதே அளவு எனக் கொண்டால் பெற்றோர் வகை இனச்செல்கள் 87.7 விழுக்காடு, மறுசேர்க்கை வகை 12.3 விழுக்காடு. 7 என்ற எண்ணுக்கு இதில் தனிச்சிறப்பு ஏதுமில்லை. இருப்பிடங்களின் இடைவெளிக்கு ஏற்ப இவ்வீதம் 0 முதல் 50 விழுக்காடு வரை எம்மதிப்பையும் பெறலாம்.

4. குரோமோசோமில் நிகழ்வது என்ன?

தாமஸ் ஹன்ட் மார்கன் 1911இல் பழ ஈயின் பாலிணைந்த பண்புகளைக் கொண்டு வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். காரணிகள் குரோமோசோமின் நெடுகிலும் வரிசையாக அமைந்துள்ளன. அருகில் உள்ளவை பெரும்பாலும் பிரியா. தொலைவில் உள்ளவை மிகுதியாகப் பிரியும். இதற்கு அவர், ஜான்சென்ஸ் 1909இல் விவரித்திருந்த கயாஸ்மாக்களை அடிப்படையாகக் கொண்டார்.

குன்றல் பகுப்பின் முதல் நிலையில் ஒத்த குரோமோசோம்கள் இணையாகின்றன. ஒவ்வொன்றும் ஏற்கெனவே இரட்டித்திருப்பதால், அப்போது நான்கு குரோமாட்டிடுகள் அருகருகே நிற்கின்றன. சகோதரி அல்லாத இரு குரோமாட்டிடுகள் ஒரே இடத்தில் துண்டாகி மாறி இணைகின்றன. மற்ற இரண்டும் அந்த இடத்தில் மாறாமல் இருக்கின்றன. ஆகவே ஒரு குறுக்கேற்றம் நிகழ்ந்த செல்லிலிருந்து உருவாகும் நான்கு விளைபொருள்களில் இரண்டு பெற்றோர் வகை. இரண்டு மறுசேர்க்கை வகை.

மறுசேர்க்கை வீதம் 50 விழுக்காட்டைத் தாண்டாமைக்கு இதுவே அடிப்படை. இரு மரபணுக்களுக்கு இடையே எல்லாச் செல்களிலும் ஒரு குறுக்கேற்றம் நிகழ்ந்தாலும் மறுசேர்க்கை வகைகள் பாதியளவே. இரட்டைக் குறுக்கேற்றம் நிகழ்ந்தால் மூன்று நிலைகள் உண்டு. அதே இரு குரோமாட்டிடுகள் இருமுறை பங்கேற்றால் மறுசேர்க்கை வகை எதுவும் இல்லை; மூன்று பங்கேற்றால் பாதி; நான்கும் பங்கேற்றால் முழுவதும். இவை 1:2:1 என்ற அளவில் வருமாயின் சராசரி மீண்டும் பாதியே.

இதிலிருந்து ஒரு முக்கிய முடிவு பெறப்படுகிறது. ஒரே குரோமோசோமில் இருப்பது வேறு, பிணைந்திருப்பது வேறு. நீண்ட குரோமோசோமின் இரு முனைகளிலும் உள்ள மரபணுக்கள் ஏறத்தாழ 50 விழுக்காடு மறுசேர்க்கையைக் காட்டி, 9:3:3:1 விகிதத்தையே தரும். இருபண்புக் கலப்பின் எண்களை மட்டும் கொண்டு அவற்றை வெவ்வேறு குரோமோசோம்களில் உள்ளவை என்று தீர்ப்பது இயலாது.

குறுக்கேற்றத்தில் குரோமோசோம்கள் உண்மையிலேயே பகுதிகளை மாற்றிக்கொள்கின்றன என்பது 1931இல் நேரடியாக மெய்ப்பிக்கப்பட்டது. ஹேரியட் கிரைட்டனும் பார்பரா மெக்ளின்டாக்கும் மக்காச்சோளத்தின் 9ஆம் குரோமோசோமை ஆராய்ந்தனர். ஒரு முனையில் புடைப்பும், மறுபுறம் வேறொரு குரோமோசோமிலிருந்து வந்து ஒட்டிய துண்டும் கொண்ட குரோமோசோமை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். விதைநிறமும் மாவுத்தன்மையும் மறுசேர்க்கை அடைந்த செடிகளில் இக்கண்காணும் அடையாளங்களும் இடம் மாறியிருந்தன. அதே ஆண்டில் கர்ட் ஸ்டெர்ன் பழ ஈயிலும் இதனை நிறுவினார்.

5. ஒரே இடைவெளி, வெவ்வேறு விகிதங்கள்

பிணைப்பு பற்றிய குழப்பம் பெரும்பாலும் இப்பகுதியில்தான் எழுகிறது. மறுசேர்க்கை வீதம் ஒன்றாக இருக்கும்போதே நாம் எண்ணும் விகிதம் மூன்று காரணங்களால் முற்றிலும் வேறுபடலாம்.

5.1 அல்லீல்களின் நிலை

இரு ஓங்கு அல்லீல்களும் ஒரே குரோமோசோமில் இருந்தால் அது சேர்நிலை. ஒன்று ஒரு குரோமோசோமிலும் மற்றொன்று அதன் ஒத்த குரோமோசோமிலும் இருந்தால் அது விலகுநிலை. இரு நிலைகளிலும் கலப்புயிரியின் புறத்தோற்றம் ஒன்றே. ஆனால் சேர்நிலையில் மறுசேர்க்கை எனக் கருதப்படும் இனச்செல்களே விலகுநிலையில் பெற்றோர் வகை ஆகின்றன.

மறுசேர்க்கை வீதம் ‘ம’ எனவும், அது இரு பாலிலும் சமம் எனவும் கொள்வோம். இரண்டாம் மகவுத் தலைமுறையில் இரண்டும் ஓங்கியவை, முதற்பண்பு மட்டும் ஓங்கியவை, இரண்டாம் பண்பு மட்டும் ஓங்கியவை, இரண்டும் ஒடுங்கியவை ஆகிய நான்கும் பின்வரும் விகிதத்தில் அமையும்:

(2 + க) : (1 − க) : (1 − க) : க

இங்கு ‘க’ என்பது சேர்நிலையில் (1 − ம)², விலகுநிலையில் ம². முதல் இரண்டையும் கூட்டினால் 3. கடைசி இரண்டையும் கூட்டினால் 1. ‘க’ எம்மதிப்பைப் பெற்றாலும் இதில் மாற்றமில்லை. இரண்டாம் பகுதியில் எண்களால் கண்ட உண்மை இங்கே வாய்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

அட்டவணை 2: மறுசேர்க்கை வீதமும் இரண்டாம் மகவுத் தலைமுறையும் (விழுக்காட்டில்)

| மறுசேர்க்கை வீதம் | சேர்நிலை | விலகுநிலை |
|---|---|---|
| 0 | 75 : 0 : 0 : 25 | 50 : 25 : 25 : 0 |
| 10 | 70.25 : 4.75 : 4.75 : 20.25 | 50.25 : 24.75 : 24.75 : 0.25 |
| 20 | 66 : 9 : 9 : 16 | 51 : 24 : 24 : 1 |
| 30 | 62.25 : 12.75 : 12.75 : 12.25 | 52.25 : 22.75 : 22.75 : 2.25 |
| 50 | 56.25 : 18.75 : 18.75 : 6.25 | 56.25 : 18.75 : 18.75 : 6.25 |

விலகுநிலையின் நிரலில் மறுசேர்க்கை வீதம் 0 முதல் 20 விழுக்காடு வரை மாறும்போதும் முதல் மூன்று எண்களும் அதிகம் அசைவதில்லை. பிணைப்பைப் பற்றிய செய்தி ஏறத்தாழ முழுவதும் கடைசிச் சிறு வகையிலேயே உள்ளது. இனிப்புப் பட்டாணியில் ஊதா–உருண்டை வகையைச் சிவப்பு–நீண்ட வகையுடன் கலந்தபோது கிடைத்த 419 செடிகள் 226, 95, 97, 1 என்று பிரிந்தன. சார்பின்றி ஒதுங்கியிருந்தால் சிவப்பு–உருண்டை 26 இருந்திருக்கும். கிடைத்ததோ ஒன்றே ஒன்று. முதற்கலப்பில் பெற்ற 12.3 விழுக்காட்டை இங்கு இட்டால் எதிர்பார்ப்பு 1.6. தோற்றத்தில் எதிரெதிரான இரு விகிதங்களையும் ஒரே மறுசேர்க்கை வீதம் விளக்கிவிடுகிறது.

பயிர் மேம்பாட்டில் இதன் விளைவு நேரடியானது. விரும்பும் இரு ஒடுங்கு பண்புகள் வெவ்வேறு பெற்றோரிலிருந்து வருமாயின் அது விலகுநிலை. மறுசேர்க்கை 10 விழுக்காடு எனில், இரண்டும் ஒடுங்கிய ஒரு செடியைக் காணச் சராசரியாக 400 செடிகளை வளர்க்க வேண்டும். 9:3:3:1ஐ நம்பி 16 செடிகளுக்கு ஒன்று எனத் திட்டமிட்டவரின் ஒரு பருவ உழைப்பு பயனற்றுப் போகும்.

5.2 கலப்பின் வகை

ஃபிஷரும் பால்முகுந்தும் 1928இல் இரண்டாம் மகவுத் தலைமுறைத் தரவிலிருந்து மறுசேர்க்கை வீதத்தை மதிப்பிடும் முறைகளை ஒப்பிட்டனர். அவ்விவாதத்தில் இடம்பெற்ற மக்காச்சோளத் தரவு, மாவு அல்லது சர்க்கரைத் தன்மையையும், இலையடியின் பச்சை அல்லது வெண்ணிறத்தையும் பற்றியது. 3839 செடிகள் 1997, 906, 904, 32 என்று பிரிந்தன. சார்பின்மை இருந்தால் கடைசி வகை 240 இருக்க வேண்டும். தரவுக்கு மிகப் பொருந்தும் ‘க’ மதிப்பு 0.0357, அதன் வர்க்கமூலம் 18.9 விழுக்காடு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகளை எண்ணியும், மதிப்பீட்டின் துல்லியம் பெருமளவு அந்த 32 செடிகளையே சார்ந்திருந்தது.

சோதனைக் கலப்பில் இத்தடை இல்லை. இரு பண்புகளிலும் ஒடுங்கிய பெற்றோர் ஒரே வகை இனச்செல்லைத் தருவதால், கலப்புயிரியின் இனச்செல் விகிதம் சந்ததியில் அப்படியே வெளிப்படும். ஹட்சின்சன் 1922இல் மக்காச்சோளத்தின் விதைநிறம், விதை வடிவம் ஆகியவற்றைக் கொண்டு செய்த சோதனைக் கலப்பு இதற்கு நல்ல சான்று. சேர்நிலையில் நிறமுள்ள முழுவிதை 4032, நிறமுள்ள சுருங்கியது 149, நிறமற்ற முழுவிதை 152, நிறமற்ற சுருங்கியது 4035 எனக் கிடைத்தன. 8368இல் மறுசேர்க்கை வகை 301, அதாவது 3.6 விழுக்காடு. விலகுநிலையில் அதே வரிசையில் 638, 21379, 21096, 672 கிடைத்தன. 43785இல் மறுசேர்க்கை வகை 1310, அதாவது 3.0 விழுக்காடு.

பெரும்பான்மை வகையும் சிறுபான்மை வகையும் தலைகீழாக மாறியபோதும் மறுசேர்க்கை வீதம் ஏறத்தாழ நிலைத்திருக்கிறது. 3.6, 3.0 ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாடு, எண்ணிக்கை இவ்வளவு பெரிதாக இருக்கும்போது தற்செயல் என்று எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. குறுக்கேற்ற வீதம் மரபுப் பின்னணி, வயது, வெப்பநிலை ஆகியவற்றால் மாறக்கூடியது. பழ ஈயில் வெப்பநிலையின் தாக்கத்தைப் பிளவ் 1917இல் காட்டினார்.

5.3 பெற்றோரின் பால்

மேற்கண்ட வாய்பாடு இரு பாலிலும் குறுக்கேற்றம் சமம் என்ற எடுகோளில் அமைந்தது. பழ ஈயின் ஆணில் இயல்பாகக் குறுக்கேற்றம் நிகழ்வதில்லை. பட்டுப்பூச்சியில் பெண்ணில் நிகழ்வதில்லை. எனவே பழ ஈயில் விலகுநிலைக் கலப்புயிரிகளைத் தம்முள் கலந்தால், ஆண் தரும் இனச்செல்களுள் இரண்டும் ஒடுங்கியது இடம்பெறாது. பெண்ணில் எவ்வளவு குறுக்கேற்றம் நிகழ்ந்தாலும் சந்ததி 2:1:1:0 என்றே அமையும். அம்மரபணுக்கள் குரோமோசோமில் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

மறுசேர்க்கை 50 விழுக்காட்டை எட்டிய மரபணுக்களும் 9:3:3:1 தராத நேர்வு இது. மறுபுறம், இந்த 2:1:1:0 விகிதத்தைக் கொண்டு இடைவெளியை அளக்கவும் இயலாது. பிணைப்பு உண்டா என்ற வினாவுக்கு இக்கலப்பு உறுதியான விடை தரும். எவ்வளவு என்ற வினாவுக்கு விடை தராது. அதற்குக் கலப்புயிரிப் பெண்ணை இரண்டும் ஒடுங்கிய ஆணுடன் கலக்க வேண்டும்.

6. விகிதத்திலிருந்து வரைபடத்திற்கு

மார்கனின் ஆய்வகத்தில் இளநிலை மாணவராக இருந்த ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட், மறுசேர்க்கை வீதங்களைத் தொலைவுகளாகக் கொள்ளலாம் என உணர்ந்தார். 1913இல் அவர் வெளியிட்ட பழ ஈயின் பாலிணைந்த காரணிகளின் வரைபடமே முதல் மரபணு வரைபடம். வெள்ளைக் கண், செந்நிறக் கண், வளர்ச்சி குன்றிய இறகு ஆகிய மூன்றுக்கும் அவர் தந்த எண்கள் வருமாறு: வெள்ளைக் கண்ணுக்கும் செந்நிறக் கண்ணுக்கும் இடையே 1584இல் 471, அதாவது 29.7 விழுக்காடு. செந்நிறக் கண்ணுக்கும் வளர்ச்சி குன்றிய இறகுக்கும் இடையே 405இல் 109; அதாவது 26.9 விழுக்காடு. வெள்ளைக் கண்ணுக்கும் வளர்ச்சி குன்றிய இறகுக்கும் இடையே 898இல் 406, அதாவது 45.2 விழுக்காடு.

முதல் இரண்டின் கூட்டுத்தொகை 56.6. நேரடியாகக் கிடைத்ததோ 45.2. இடையில் இரு குறுக்கேற்றங்கள் நிகழ்ந்த குரோமோசோம் முனைகளில் பெற்றோர் வகையாகவே தோன்றும். எனவே நீண்ட இடைவெளிகளில் மறுசேர்க்கை வீதம் உண்மைத் தொலைவைக் குறைத்துக் காட்டும். ஸ்டர்ட்டிவன்ட் இதனை அறிந்து, சிறு இடைவெளிகளைக் கூட்டியே வரைபடத்தை அமைத்தார்.

இதே எண்கள் இன்னொன்றையும் சுட்டுகின்றன. இரு இடைவெளிகளிலும் குறுக்கேற்றங்கள் ஒன்றையொன்று சாராமல் நிகழ்ந்தால், இரட்டைக் குறுக்கேற்றம் 0.297 × 0.269, அதாவது 8.0 விழுக்காடு இருக்கும். அதன் இருமடங்கைக் கழித்தால் நேரடி வீதம் 40.6 ஆக வேண்டும். கிடைத்த 45.2 அதைவிட மிகுதி. அதாவது இரட்டைக் குறுக்கேற்றங்கள் எதிர்பார்ப்பினும் குறைவு. இவை தனித்தனிக் கலப்புகளின் எண்கள் ஆதலால் இக்கணக்கு தோராயமானதே. ஆயினும் அது காட்டும் திசை சரியானது. ஓரிடத்தில் நிகழும் குறுக்கேற்றம் அருகில் மற்றொன்று நிகழ்வதைத் தடுக்கிறது. ஹெர்மன் முல்லர் 1916இல் விரிவாக ஆராய்ந்த குறுக்கீடு என்னும் நிகழ்வு இதுவே. வரைபடத் தொலைவையும் மறுசேர்க்கை வீதத்தையும் தொடர்புபடுத்தும் வாய்பாட்டை ஹால்டேன் 1919இல் தந்தார்.

7. மெண்டல் ஏன் பிணைப்பைக் காணவில்லை?

மெண்டலின் ஏழு பண்புகளும் ஏழு குரோமோசோம்களில் ஒவ்வொன்றாக அமைந்திருந்தன என்ற கூற்று பல நூல்களில் தொடர்கிறது. ஸ்டிக் பிளிக்ஸ்ட் 1975இல் இதனை மறுத்தார். ஏழு மரபணுக்களும் ஏழு குரோமோசோம்களில் பரவியிருக்கவில்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பின்வந்த வரைபடங்களில் சில இருப்பிடங்கள் திருத்தப்பட்டன; அடிப்படை முடிவு மாறவில்லை. விதை வடிவ மரபணுவும் காய் நிற மரபணுவும் ஒரே பிணைப்புத் தொகுதியில் உள்ளன. செடியின் உயரத்துக்குரிய மரபணு உள்ள தொகுதியிலேயே காய் வடிவத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களுள் ஒன்றும் உள்ளது.

மெண்டல் எண்களோடு விவரித்த கலப்பு விதை வடிவத்தையும் விதையிலை நிறத்தையும் பற்றியது. இவை வெவ்வேறு தொகுதிகளைச் சேர்ந்தவை. உயரம், காய் வடிவம் ஆகிய இணைக்குரிய எண்கள் அவருடைய கட்டுரையில் இடம்பெறவில்லை. ஆகவே, ஏழு குரோமோசோம்களும் ஏழு பண்புகளும் தற்செயலாகப் பொருந்தின என்ற விளக்கத்துக்குத் தேவையே இல்லை. எந்த இணைகள் எண்ணப்பட்டன என்பதும், ஒரே குரோமோசோமில் தொலைவில் உள்ளவை சார்பின்றி ஒதுங்கக்கூடும் என்பதுமே போதிய விளக்கங்கள்.

8. மனித மரபியலில் இதன் பொருள்

மனிதரில் கலப்புகளைத் திட்டமிட இயலாது. குடும்பங்களில் இயல்பாக நிகழ்ந்தவற்றையே எண்ண வேண்டும். ஹன்டிங்டன் நோய்க்குக் காரணமான மரபணுவின் இருப்பிடம் 1983இல் இவ்வாறே கண்டறியப்பட்டது. ஜேம்ஸ் குசெல்லாவும் உடனாய்வாளர்களும் 4ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு டி.என்.ஏ. அடையாளம் இந்நோயுடன் பிணைந்திருப்பதைக் காட்டினர். மரபணு தனித்தெடுக்கப்பட்டதோ 1993இல். இடைப்பட்ட காலத்தில் நோய் வருமா என அறிய விரும்பியவர்களுக்குப் பிணைப்பே வழி.

அவ்வழியில் ஐந்தாம் பகுதியில் கண்ட நிலை வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாகிறது. அந்த ஆய்வில் வெனிசுவேலாவின் பெருங்குடும்பத்தில் நோய் அடையாளத்தின் ஒரு வகையோடு கடத்தப்பட்டது. அமெரிக்கக் குடும்பத்தில் வேறொரு வகையோடு கடத்தப்பட்டது. அடையாளம் நோயை உண்டாக்குவதன்று. அருகில் இருப்பது மட்டுமே. எனவே ஒரு குடும்பத்தில் எந்த வகை நோயுடன் சேர்நிலையில் உள்ளது என்பதை உறவினர்களின் மாதிரிகளைக் கொண்டு அறியாமல் எவருக்கும் முடிவு சொல்ல இயலாது. நிலை அறியப்பட்ட பின்னும், அடையாளத்துக்கும் மரபணுவுக்கும் இடையே குறுக்கேற்றம் நிகழ்ந்திருக்கும் வாய்ப்பு எஞ்சுகிறது. மறுசேர்க்கை வீதம் எவ்வளவோ, அவ்வளவு பிழைக்கான இடம் அக்கணிப்பில் உண்டு.

9. நிறைவுரை

இக்கட்டுரையின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. பிணைப்பு தனிப்பண்பின் பிரிவைப் பாதிப்பதில்லை. இனிப்புப் பட்டாணித் தரவில் 3371.6 என்ற கை-வர்க்க மதிப்பில் ஏறத்தாழ முழுவதும் இரு பண்புகளின் தொடர்பிலிருந்தே வருகிறது. பிணைப்பைக் கற்பிக்கும்போது இப்பகுப்பைக் காட்டுவது, கொல்லி அல்லீல் போன்ற பிற காரணங்களிலிருந்து அதனை வேறுபடுத்த உதவும்.

2. பிணைப்புக்கெனத் தனி விகிதம் ஏதுமில்லை. ஒரே மறுசேர்க்கை வீதம் அல்லீல்களின் நிலை, கலப்பின் வகை, பெற்றோரின் பால் ஆகியவற்றுக்கு ஏற்ப வெவ்வேறு விகிதங்களாக வெளிப்படும். இம்மூன்றையும் குறிப்பிடாமல் ஒரு விகிதத்தை மட்டும் தருவது முழுமையற்ற தரவு.

3. மறுசேர்க்கை வீதத்துக்கு 50 விழுக்காடு உச்ச எல்லை. எனவே 9:3:3:1 கிடைப்பது வெவ்வேறு குரோமோசோம்கள் என்பதற்குச் சான்றாகாது.

4. நீண்ட இடைவெளிகளில் மறுசேர்க்கை வீதம் தொலைவைக் குறைத்துக் காட்டும். சிறு இடைவெளிகளைக் கூட்டியே வரைபடம் அமைக்க வேண்டும்.

பேட்சன் குழுவினரிடம் சரியான எண்கள் இருந்தன. அவற்றுக்குப் பொருந்தும் இனச்செல் விகிதமும் இருந்தது. அவ்விகிதத்தையே இயற்கையின் விதியாகக் கொண்டதால், அதன் பின்னிருந்த இடைவெளி அவர்களுக்குப் புலப்படவில்லை. மார்கனும் ஸ்டர்ட்டிவன்டும் விகிதத்தை அளவீடாகக் கொண்டனர், வரைபடம் பிறந்தது. மாணவர்க்குப் பிணைப்பைக் கற்பிக்கும்போது 9:3:3:1 தவறியது என்று சொல்லி நிறுத்தாமல், எவ்வளவு தவறியது, எத்திசையில் தவறியது, எக்கலப்பில் தவறியது என்று கேட்கப் பழக்குவதே இத்தரவுகள் கற்பிக்கும் முறை.